மூழ்கிய ஊர்களின் மேல் தூண்டில் போடுவோர்க்கு

கடந்த யூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலைப் பொழுதில், சென். லோறன்ஸ் ஆற்றின் வடகரையில் நாம் ஏழு பேர் தூண்டில் தடிகளுடன் நின்றிருந்தோம். ரொறன்ரோவிலிருந்து 401ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே நானூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் இங்கிள்சைட், லோங் சூ என்ற இரு சிற்றூர்களை அடையலாம். அவற்றுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் நீர்ப்பரப்புக்குச் சென். லோறன்ஸ் ஏரி என்று பெயர். தீவுகளும் குடாக்களுமாக அழகு பொலியும் அந்த ஏரியை முதன்முறை காண்பவர்கள், அது இயற்கை தந்த கொடை என்றே எண்ணுவர். உண்மை வேறு. அது ஆற்றை மறித்துக் கட்டிய அணையினால் உருவான நீர்த்தேக்கம். அதன் அடியில் ஊர்கள் உறங்குகின்றன.

எம்முடன் வந்தவர்களுள் மூத்தவருக்கு வயது எழுபத்தெட்டு. மயிலிட்டியில் வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்தவர். சம்மாட்டியார் என்றே நாம் அவரை அழைப்போம். இளையவர் கனடாவுக்கு வந்து எட்டு மாதங்களே ஆனவர். தஞ்சக் கோரிக்கையின் விசாரணைத் திகதிக்காகக் காத்திருப்பவர். ஏனையோர் ஸ்காபரோவில் வாழும் குடும்பத்தவர்கள். எம் அனைவரதும் நோக்கம் ஒன்றே: இந்நாட்டார் பெரிதும் விரும்பும் பிக்கரல் மீனை எங்கே, எவ்வாறு பிடிப்பது என்பதை நேரில் கற்றுக்கொள்வது. கற்றவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம். கூடவே, இத்தகைய பயணங்களில் எம்மவர் இழைக்கும் சில தவறுகளையும் மறைக்காது கூற வேண்டியுள்ளது.

மீனை அறிதல்

ஒன்ராறியோவில் பிக்கரல் என்றும், அமெரிக்காவில் வோல்ஐ என்றும், கியூபெக்கில் டொரே என்றும் அழைக்கப்படுவது ஒரே மீன்தான். ஒலிவ் பச்சையும் பொன்னிறமும் கலந்த நீண்ட உடல், வெண்ணிற வயிறு, முன்முதுகுச் செட்டையில் கூரிய முட்கள், வாய் நிறையப் பற்கள். வால் செட்டையின் கீழ்முனை வெள்ளையாக இருப்பது அதன் நம்பத்தகுந்த அடையாளம். ஒட்டாவா ஆற்றிலும் கியூபெக்கைச் சார்ந்த சென். லோறன்ஸ் பகுதியிலும் சோகர் என்ற அதன் உறவினமும் உண்டு. சோகரின் முதுகுச் செட்டையில் புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். வாலில் அந்த வெள்ளை முனை இராது.

இந்த மீனின் வாழ்வு முழுவதையும் நிர்ணயிப்பது அதன் கண். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அதற்கு உண்டு. இரவில் விளக்கைப் பிடித்தால் கண் பளிங்குபோல் மின்னும். முதல் மீனைக் கண்டதும் சம்மாட்டியார், "எங்கட கொடுவாவின்ர கண் மாதிரியெல்லே மின்னுது" என்றார். அவர் கூறியது சரியான ஒப்பீடே. கொடுவாயின் கண்ணும் இரவு விளக்கில் ஒளிரும். மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் பிக்கரலுக்குப் பார்வை நன்கு தெரியும். அதன் இரையாகும் பேர்ச் முதலிய சிறுமீன்களுக்கோ அந்த வேளையில் பார்வை மங்கும். ஆகவே, கதிரவன் சாயும் பொழுதும், விடியலுக்கு முந்திய பொழுதும், முகில் மூடிய நாளும், காற்று அலையெழுப்பி நீரைக் கலக்கும் வேளையும் அதற்கு வேட்டைக் காலங்கள். வெயில் எறிக்கும் நண்பகலில், கண்ணாடிபோல் அசைவற்றுக் கிடக்கும் நீரில் தூண்டில் போட்டுவிட்டு, "இங்கே மீனே இல்லை" என்று திரும்பிச் செல்லும் எம்மவர் பலரை நாம் கண்டிருக்கிறோம். மீன் இல்லாமல் இல்லை. அவர்கள் சென்ற நேரமே பிழை.

1990களில் வரிக்குதிரைச் சிப்பிகள் இந்த ஆற்றுத் தொகுதியில் பெருகி, நீரை வடித்துத் தெளிவாக்கிவிட்டன. நீர் தெளியத் தெளிய ஒளி ஆழத்துக்கு இறங்குகிறது; அதனால் பிக்கரலும் பகலில் ஆழத்துக்குச் சென்று, இரவில் கரையை நாடுகிறது. பழைய நூல்களில் கூறப்பட்ட ஆழங்களை அப்படியே நம்பாது, இருளை அதிகம் நம்புவது இன்று பயன் தரும்.

ஏரியின் அடியில் இருப்பவை

நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க விரும்புபவர், நீர் வருவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். சென். லோறன்ஸ் ஏரியைப் பொறுத்தவரை அந்த வரலாறு எம்மைப் போன்றோரின் நெஞ்சைத் தொடுவது.

கப்பற் கால்வாய்க்காகவும் மின் உற்பத்திக்காகவும் கனடாவும் அமெரிக்காவும் கூட்டாகக் கட்டிய மோசஸ்-சோண்டர்ஸ் அணைக்கு நீரைத் தேக்கும் பொருட்டு, 1958 யூலை 1ஆம் திகதி காலை தற்காலிகத் தடுப்பணை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சில நாட்களுக்குள் நீர் நிரம்பிற்று. கப்பல்களை நூற்றாண்டுகளாக அச்சுறுத்திய லோங் சூ நீர்வீச்சு அடங்கிப் போயிற்று. மில் ரோஷ், மூலினெற், வேல்ஸ், டிக்கின்சன்ஸ் லாண்டிங், பரன்ஸ் பொயின்ற், ஓல்ற்ஸ்வில் உட்பட ஒன்ராறியோக் கரையின் பல ஊர்கள் நீரில் மூழ்கின. ஏறக்குறைய 6,500 பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் அத்திவாரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் பெரும் வாகனங்களில் புதிய ஊர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இங்கிள்சைட்டும் லோங் சூவும் அவ்வாறு பிறந்த ஊர்களே. எஞ்சிய கட்டடங்கள் இடிக்கப்பட்டன, மரங்கள் தறிக்கப்பட்டன, கல்லறைக் கற்கள் பல அகற்றப்பட்டன. மோஹோக் மக்களும் இத்திட்டத்தில் தமது ஆற்றோர நிலங்களை இழந்தனர். மிசூரி ஆற்றில் 1953இல் மூடப்பட்ட கரிசன் அணையும் இவ்வாறே மண்டன், ஹிடாற்சா, அரிக்கரா மக்களின் வளமிக்க பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. அங்கு உருவான சக்ககாவியா ஏரி இன்று பிக்கரல் பிடிப்போரிடையே பெயர்பெற்றது. பெரும் நீர்த்தேக்கம் எதுவாயினும் அதன் அடியில் யாரோ ஒருவரின் முற்றம் கிடக்கிறது.

கோர்ண்வோல் நகருக்கு அண்மையிலுள்ள ஓல்ற் பூங்காவில் இந்த மூழ்கிய ஊர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. பழைய வீடுகளும் ஆலயமும் கடையும் அங்கே பேணப்படுகின்றன. தூண்டில் போட வருபவர்கள் ஒரு மணி நேரத்தை அங்கே செலவிட வேண்டும் என்பது எமது வேண்டுகோள். பழைய வரைபடங்களைப் பார்ப்பது மீன்பிடிக்கும் உதவும். ஏனெனில் பழைய இரண்டாம் இலக்க வீதி, கால்வாய்ச் சுவர்கள், கப்பல் பூட்டுகள், வீட்டு அத்திவாரங்கள், பாலக் கற்கள் ஆகியன இன்னும் நீரின் அடியில் உள்ளன. சமதரையான அடிநிலத்தில் இவைதாம் மீனுக்குப் பார்கள். சிறுமீன் கல்லிடுக்கில் ஒதுங்கும். பெருமீன் அதன் ஓரத்தில் காத்திருக்கும்.

நீர்த்தேக்கத்தை மூன்றாகப் பார்த்தல்

ஆற்றை மறித்த நீர்த்தேக்கம் எதனையும் மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது நலம். மேற்பகுதி இன்னும் ஆறாகவே இருக்கும்: நீரோட்டம் வேகமானது, ஆழம் குறைந்தது, அடிநிலம் கல்லும் பருக்கையும் கொண்டது. இடைப்பகுதியில் ஓட்டம் தளர்ந்து, குடாக்களும் பாசிப் படுகைகளும் தீவுகளும் தோன்றும். அணைக்கு அண்மித்த கீழ்ப்பகுதி ஆழமானது, தெளிவானது. மூன்றிற்கும் ஊடாகப் பழைய ஆற்றுப் பள்ளம் நீரின் அடியில் வளைந்து செல்லும். அந்தப் பள்ளமே மீனின் நெடுஞ்சாலை. சென். லோறன்ஸ் ஏரியில் இறக்குவா அணையிலிருந்து மோசஸ்-சோண்டர்ஸ் அணை வரை, நாற்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் இம்மூன்று பகுதிகளையும் காணலாம்.

இனி, பருவங்கள். பனிக்கட்டி உடைந்ததும், நீர் 4 முதல் 9 பாகை செல்சியஸ் வரை இருக்கும் நாட்களில் பிக்கரல் முட்டையிடும். நீர் ஓடும் ஆழமற்ற பருக்கைக் கற்படுகைகளைத் தேடி மேற்பகுதிக்கும், இங்கிள்சைட்டுக்கு அண்மையில் கலக்கும் ஹூப்பிள் சிற்றாறு போன்ற கிளைகளுக்கும் அது ஏறும். பெரிய பெண்மீன் ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இட்டு, காவல் காக்காமல் திரும்பிவிடும். அக்காலத்தில் மீன்பிடி மூடப்பட்டிருக்கும். மூடப்பட்ட காலத்தில் பிடிப்பது விதையை அவித்து உண்பதற்கு ஒப்பானது.

பருவம் திறந்ததன் பின்னான முதல் வாரங்களில் மீன் முட்டையிட்ட இடத்துக்குக் கீழே, ஓட்டத்தின் ஓரங்களில், 6 முதல் 15 அடி ஆழத்தில் நிற்கும். யூன் மாத நடுப்பகுதி முதல் அது இடைப்பகுதிக்கு இறங்கும். பாசிப் படுகையின் வெளியோரம், தீவுகளின் முனைகள், காற்று அலையை மோதும் கற்கரைகள், மூழ்கிய வீதிகளின் விளிம்புகள் ஆகியன அப்போது நல்ல இடங்கள். யூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகலில் 20 முதல் 40 அடி வரை பழைய ஆற்றுப் பள்ளத்தின் சரிவில் தேட வேண்டும். மாலையில் அதே மீன் சரிவேறி மேட்டுக்கு வரும். இலையுதிர் காலத்தில் நீர் குளிரும்போது சிறுமீன் கூட்டங்களைத் தொடர்ந்து பெரிய மீன்கள் மீண்டும் கூடும். ஆண்டின் மிகப் பெரிய மீன்கள் ஒக்ரோபர், நவம்பர் இரவுகளிலேயே பெரும்பாலும் அகப்படுகின்றன. கைகள் விறைக்கும் என்பதே அக்காலத்தின் இடர்.

வள்ளம் இல்லாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. லோங் சூ பூங்காவீதி பதினொரு தீவுகளை இணைத்துச் செல்கிறது. அத்தீவுகள் 1958க்கு முன் மேட்டுநிலங்களாக இருந்தவை. தீவுக்குத் தீவு செல்லும் அணைவீதிகளின் கீழே நீர் ஒடுங்கிப் பாயும் இடங்கள் உண்டு. ஒடுங்கிய நீர் இரையை ஒன்றுசேர்க்கும். நாம் நின்றதும் அத்தகைய ஓர் இடத்திலேயே. கரையை அடைந்ததும் நாம் தடிகளை அவிழ்க்கத் தொடங்க, சம்மாட்டியாரோ கால்மணி நேரம் வெறுமனே நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு சிறு தடியை முறித்து நீரில் எறிந்தார். அது சிறிது தூரம் விரைந்து, ஒரு பாறைக்குப் பின்னால் திரும்பிச் சுழன்றது.

"தம்பியவை, ஓடுற தண்ணியும் நிக்கிற தண்ணியும் முட்டுற கோட்டைப் பாருங்கோ. இரை ஓட்டத்தில வரும். மீன் ஓட்டத்துக்கை நிண்டு களைக்காது, அந்தக் கோட்டுக்கு இஞ்சால நிண்டு வாயைத் திறக்கும்" என்றார்.

ஆற்று நீர்த்தேக்க மீன்பிடியின் சாரம் முழுவதும் அந்த மூன்று வசனங்களுக்குள் அடங்கிவிட்டது.

கருவிகளும் முறையும்

பெரும் செலவு தேவையில்லை. ஆறரை முதல் ஏழு அடி நீளமான நடுத்தரத் தடி ஒன்று, சுழல் றீல் ஒன்று, 8 அல்லது 10 இறாத்தல் தாங்கும் தங்கூசி, சில ஜிக்குகள் போதும். ஜிக் என்பது ஈயக்குண்டைத் தலையாகக் கொண்ட தூண்டில். அமைதியான நீரில் கால் அவுன்ஸ், ஓட்டம் மிகுந்தால் அரை அவுன்ஸ் அல்லது அதற்கு மேல். அடியைத் தொடும் அளவுக்கு நிறை இருக்க வேண்டும். கல்லில் புதைந்து நிற்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. அதில் மண்புழுவையோ, அட்டையையோ, மென்றப்பரிலான போலி இரையையோ கொழுவலாம்.

ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாகச் சரிவாக எறிந்து, அடியைத் தொட விட்டு, தடியின் நுனியை ஓரடி உயர்த்தி, மீண்டும் மெதுவாக இறங்க விட வேண்டும். பிக்கரல் பெரும்பாலும் இறங்கும் இரையையே கவ்வும். ஆகையால் இறங்கும்போது நூல் தளர்ந்துவிடக் கூடாது. அதன் கடி, பாரையின் கடிபோல் இழுப்பாக இராது. மெல்லிய ஒரு தட்டு, அல்லது திடீரெனத் தோன்றும் ஒரு பாரம், அவ்வளவுதான். பாசி என்று எண்ணி நாம் விட்டுவிட்ட கடிகள் அன்று மாலை பல.

வள்ளத்தில் செல்பவர்கள், கம்பியில் பொருத்திய ஈயத்தின் பின்னால் மணிகளும் தகட்டு இலையும் கோத்த புழுத் தூண்டிலைக் கட்டி, மிக மெதுவாக ஓட்டத்துடன் கீழ்நோக்கி இழுத்துச் செல்வர். பள்ளத்தின் சரிவை நீளவாக்கில் தேடுவதற்கு அதுவே சிறந்த முறை. இரவில் கரையிலிருந்து எறிபவர்களுக்கு, சிறுமீன் வடிவிலான நீண்ட போலி இரையை மெதுவாகச் சுற்றி இழுப்பது பலன் தரும். சிறுவர்களுக்கு மிதவையும் புழுவும் போதும்.

மீனை எடுக்கும்போது முதுகு முள்ளையும், கத்திபோன்ற செவுள் மூடியையும் கவனிக்க வேண்டும். ஈரக் கையால், முள்ளை மடக்கிப் பிடிக்க வேண்டும். விடப்போகும் மீனை மண்ணில் உருட்டக் கூடாது.

வேறெங்கும் இல்லாத ஒரு விடயத்தை இந்த ஏரியில் கவனிக்க வேண்டும். ஒன்ராறியோப் பேரேரியில் நீர் உயர்ந்தால் அணையூடாக அதிக நீர் திறந்துவிடப்படும். அப்போது அணைக்கு மேலேயுள்ள இந்த ஏரியின் மட்டம் உயராது, மாறாகத் தாழும். 2017ஆம், 2019ஆம் ஆண்டுகளில் பேரேரியின் கரைகள் வெள்ளத்தில் மிதந்தபோது இங்கே இறங்குதுறைகள் வறண்டு கிடந்தன. மட்டம் தாழ்ந்த நாட்களில் மீன் குடாக்களை விட்டுப் பள்ளத்துக்கு நகரும். வள்ளங்களோ பழைய சுவர்களில் மோதும்.

உயிருக்கு எல்லை உண்டு

அணையின் மேலும் கீழும் தடுக்கப்பட்ட பகுதிகள் உள்ளன. மிதவைகளும் எச்சரிக்கைப் பலகைகளும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. அணை திறக்கப்படும்போது நீர் நிமிடக்கணக்கில் உயரும். காலடியிலிருந்த பாறை தீவாகிவிடும். வள்ளத்தில் ஆளுக்கொரு அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனை இருக்கையின் கீழ் வைக்காது அணிந்திருக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள். இயந்திர வள்ளம் செலுத்துபவருக்குச் செலுத்துநர் அட்டை தேவை. ஏரி நீரின் குளிரில், நன்கு நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால்கள் இயங்க மறுக்கும். பாக்கு நீரிணையில் நீந்தியவர்கள் நாம் என்ற பெருமை இங்கே செல்லாது. குளிர்காலத்தில் இந்த ஏரியின் பனிக்கட்டியை நம்புவதும் பேதைமை. கீழே ஓட்டம் உள்ளது, மட்டம் ஏறி இறங்குகிறது.

இன்னோர் எல்லையும் உண்டு. கனடா, அமெரிக்க எல்லைக்கோடு இந்த ஏரியின் நடுவே செல்கிறது. நீரில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் மறுபுறத்தில் செல்லுபடியாகாது. மறுகரையில் நங்கூரமிடுவதும் இறங்குவதும் வேற்று நாட்டுக்குள் நுழைந்ததாகவே கொள்ளப்படும். தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் வள்ளத்தில் அந்தக் கோட்டை அண்டவே கூடாது. ஒரு மீனுக்காக ஒரு வாழ்வைப் பணயம் வைக்க முடியாது. வடகரையில் மீனுக்குக் குறைவில்லை.

சீருடையைக் கண்டு அஞ்ச வேண்டாம்

அன்று பொழுது சாய்ந்து, எட்டரை மணியளவில் மீன் கடிக்கத் தொடங்கிய வேளையில், சீருடை அணிந்த மீன்வள அதிகாரி ஒருவர் வீதியோரம் வாகனத்தை நிறுத்தி இறங்கினார். இடுப்பில் துப்பாக்கி இருந்தது. எமது இளையவரின் முகம் வெளிறிப் போயிற்று. தடியைக் கீழே வைத்துவிட்டு மரங்களின் பக்கம் நடக்கத் தொடங்கினார். அவர் வளர்ந்த மண்ணில் சீருடை அணிந்தவர் அருகில் வருவதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. சம்மாட்டியார் எட்டி அவர் கையைப் பிடித்தார்.

"இரு தம்பி. அவர் மீனை எண்ண வந்திருக்கிறார், எங்களை இல்லை."

அதிகாரி வணக்கம் கூறி, அனுமதிப்பத்திரங்களைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து மீன்களை எண்ணினார், ஒன்றை அளந்தார், நல்வாழ்த்துக் கூறிச் சென்றார். அனைத்தும் ஐந்து நிமிடங்கள். இளையவரின் கை நடுக்கம் நிற்பதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்தது.

அனுமதிப்பத்திரம் இருந்ததனாலேயே அந்த ஐந்து நிமிடங்கள் அமைதியாகக் கழிந்தன. ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையானோர் மீன்பிடி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். கனடாவில் வதிபவராகக் கொள்ளப்படுவதற்கு, இங்கே முதன்மை வதிவிடம் இருப்பதும், கடந்த 12 மாதங்களுள் தொடர்ந்து 6 மாதங்களாவது இங்கே வாழ்ந்திருப்பதும் பார்க்கப்படுகின்றன; குடியுரிமை கேட்கப்படுவதில்லை. ஆகவே அகதிக் கோரிக்கையாளரும் முறைப்படி அதனைப் பெறலாம். வதிபவர்களுள் 18க்குக் குறைந்தோரும் 65ஐ எட்டியோரும் பிறந்த திகதி காட்டும் அடையாள அட்டையை வைத்திருந்தால் போதும். ஆண்டுதோறும் கட்டணமின்றி மீன்பிடிக்கும் நாட்கள் சிலவும் அறிவிக்கப்படுகின்றன. புதியவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். பருவம் திறக்கும் நாள், ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை, நீள வரம்பு ஆகியன இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுவன. கியூபெக்கின் விதிகள் வேறு. அதன் அனுமதிப்பத்திரமும் வேறு. புறப்படும் முன் அவ்வாண்டு விதிநூலைப் பார்ப்பது கட்டாயம்.

இங்கே எமது குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் வேறோர் ஏரிக்குச் சென்றபோது, எல்லோரது மீன்களையும் ஒரே பெட்டியில் இட்டு, ஒருவரின் வாகனத்தில் ஏற்றினோம். தோலையும் முழுதாக உரித்திருந்தோம். வழியில் சோதனை நடந்தது. யாருடையது எத்தனை, அது என்ன மீன் என்று காட்ட எம்மால் முடியவில்லை. தண்டம் கட்டினோம், அது நீதியே. இன மீனென அடையாளம் காணத் தசைத்துண்டில் சிறிது தோலை விட வேண்டும். எண்ணிக்கை தெரியும்படி பொதிசெய்ய வேண்டும். ஆளுக்கு ஆள் வேறாக வைத்து, பெயர் எழுத வேண்டும். தூண்டிலில் பிடித்த மீனைக் கடைக்கோ உணவகத்துக்கோ விற்பது சட்டவிரோதம். ஒரு நீர்நிலையில் பெற்ற உயிர் இரையை இன்னொன்றுக்குக் கொண்டு செல்லக் கூடாது. கோபி எனும் அந்நிய மீன் இங்கே பரவியது போதும்.

சட்டத்துக்கு அப்பால் ஓர் அறமும் உண்டு. மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்மீன்கள். படம் எடுத்துவிட்டு அவற்றை நீரில் விடுவதே நன்று. ரென்னசி மாநிலத்தின் ஓல்ட் ஹிக்கரி நீர்த்தேக்கத்தில் 1960இல் பிடிபட்டதாகப் பதிவான 25 இறாத்தல் பிக்கரலின் நிறை பற்றி இன்றும் தர்க்கிக்கிறார்கள். நாம் விட்ட மீனின் நிறை பற்றி யாரும் தர்க்கிக்கப் போவதில்லை. ஆனால் அது அடுத்த ஆண்டும் முட்டையிடும்.

சட்டிக்கு முன் ஒரு சொல்

பிக்கரலின் தசை வெண்மையானது, முள் குறைந்தது, வெடுக்கு அற்றது. பொரியலுக்கு மிக உகந்தது. புளிக்குழம்பில் இடுவதாயின் இறுதியில் இட்டு, கரண்டியால் கிளறாது சட்டியை ஆட்டி இறக்க வேண்டும், அல்லாவிடின் உதிர்ந்துவிடும். தலையும் எலும்பும் சொதிக்கும் கூழுக்கும் சுவை தருவன.

ஆயினும் இந்த ஆற்றில் தொழிற்சாலைக் கழிவுகள் சேர்ந்த வரலாறு உண்டு. மீனின் தசையில் பாதரசம் படியும். வயதும் அளவும் கூடக் கூட அதுவும் கூடும். கொழுப்பை வெட்டி அகற்றுவதால் வேறு சில நஞ்சுகள் குறையும். பாதரசம் குறையாது, சமைத்தாலும் போகாது. எந்த இடத்தில், எந்த நீள மீனை, மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்பதை ஒன்ராறியோ அரசு மீன் உணவு வழிகாட்டியில் வெளியிடுகிறது. கருவுற்றவர்கள், கருவுறக் கூடியவர்கள், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கான அளவு அதில் தனியாகவும் குறைவாகவும் உள்ளது. பெரிய மீனைப் பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஊட்டுவதே எமது வழக்கம். இங்கே அந்த வழக்கத்தை மாற்றி, அவர்களுக்குச் சிறிய மீனைத் தருவதே அன்பு.

இரவு பதினொரு மணிக்கு நாம் தடிகளை மடக்கினோம். இளையவருக்கு இரண்டு மீன்கள் அகப்பட்டிருந்தன; அவை இந்நாட்டில் அவர் தம் கையால் தேடிய முதல் உணவு. சம்மாட்டியார் இன்னும் நீரையே பார்த்திருந்தார். 1980களின் நடுப்பகுதியிலிருந்து கடல்வலயத் தடையினால் தொழில் முடங்கி, 1990இல் மயிலிட்டியை விட்டு வெளியேறியவர் அவர். 2017இல் துறைமுகம் விடுவிக்கப்பட்டபின் ஒருமுறை சென்று பார்த்து வந்தார்.

"இஞ்ச சனம் வீட்டையாவது தூக்கிக்கொண்டு போயிருக்கு" என்றார். பின்னர் சற்று நேரம் கழித்து, "ஆனா அவையின்ர ஊர் தண்ணிக்குக் கீழ. எங்கட ஊர் அங்கதான் கிடக்கு. போய்ப் பாக்கலாம்" என்றார்.

அதன்பின் அவர் தூண்டிலை இன்னொரு முறை எறிந்தார். நாம் வாகனத்தின் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.